தாம்பரத்திலிருந்து இராமேசுவரம் வரை: சிறு குழந்தைகளுடன் கடலோரப் பயணம்

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பலமுறை எழும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாயிலை நெருங்கிய பிறகு, திரும்பி நின்று பெற்றோர் அதைக் கேட்பார்கள்: "டாக்டர், குழந்தையை வெளியூர் கூட்டிக்கொண்டு போகலாமா?" ஆஸ்துமா, வலிப்பு நோய், முதல் வகை நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எனத் தொடர் சிகிச்சையிலுள்ள குழந்தைகளின் பெற்றோர் இதைத் தயங்கித் தயங்கியே கேட்கிறார்கள். "வேண்டாம்" என்ற விடையை அவர்கள் ஏற்கெனவே எதிர்பார்த்திருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், நாங்களும் பல ஆண்டுகளாக அந்த விடையையே எளிதாகச் சொல்லிவந்தோம். எங்கள் வழக்கத்தை மாற்றியது ஒரு குடும்பம். வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொண்டுவந்த ஆறு வயதுச் சிறுமியை இராமேசுவரம் அழைத்துச்செல்லலாமா என்று அவளுடைய பாட்டி கேட்டார். நாங்கள் வேண்டாம் என்றோம். அவர்கள் எங்களிடம் சொல்லாமல் சென்றார்கள். மருந்துப் புட்டி இருக்கைக்கடியில் வைத்த பெரிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு முன்னால் வேறு மூட்டைகள். இரவு வேளை மருந்து தவறியது. புது இடத்தில் குழந்தை தூங்கவும் இல்லை. விடியற்காலையில் ஓடும் வண்டியிலேயே வலிப்பு வந்தது. வழியில் இறங்கி மருத்துவமனைக்குச் சென்றபோது, எந்த மருந்து, எத்தனை மில்லி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சீட்டு வீட்டில் இருந்தது. நல்லவேளையாகக் குழந்தை நலமடைந்தாள். மூன்று வாரம் கழித்து எங்களிடம் வந்த பாட்டி சொன்னார்: "போக வேண்டாம்னு சொன்னீங்க டாக்டர். போனா எப்படிப் போகணும்னு யாரும் சொல்லலையே."

அந்தச் சொல்லுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இக்கட்டுரை அதற்கான விடையே. நலமாக உள்ள குழந்தைகளுக்கும் தொடர் சிகிச்சையிலுள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும். இராமேசுவரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளோம். கன்னியாகுமரி, திருச்செந்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களுக்குச் செல்வோரும் இதையே பின்பற்றலாம்.

ஏன் இராமேசுவரம்?

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பின், ஈராண்டுக்கு மேல் தீவுக்கு இரயில் செல்லவில்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. தாம்பரம் – இராமேசுவரம் புதிய இரயில் சேவையும் அன்றே தொடங்கிவைக்கப்பட்டது. எழும்பூர் வரை செல்லாமல் நம் ஊரிலேயே மாலையில் ஏறி மறுநாள் அதிகாலையில் தீவில் இறங்கலாம் என்பதால், தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர்ப் பகுதிக் குடும்பங்கள் பல இப்போது இப்பயணத்தைத் திட்டமிடுகின்றன. மூத்தோருக்கு அது தீர்த்த யாத்திரை. குழந்தைகளுக்கோ கடலும் பாலமும். இரண்டும் ஒரே பயணத்தில் அமைவதால், மூன்று தலைமுறையினரும் சேர்ந்து செல்கிறார்கள்.

எப்போது செல்லலாம்?

மே மாதத்தில் பள்ளி விடுமுறை. ஆனால் கத்திரி வெயிலும் அப்போதுதான். தனுஷ்கோடிச் சாலையில் நிழலே கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு, தை, மாசி மாதங்களின் இதமான வெயில் உகந்தது. அரையாண்டு விடுமுறையில் செல்வோர் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை நினைவிற்கொண்டு, புறப்படுமுன் வானிலை அறிவிப்பைப் பார்க்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இதே பருவத்தில்தான் வீசியது.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் இராமேசுவரத்தில் பெருங்கூட்டம் திரளும் நாள்கள். மூத்தோர் அந்நாளில்தான் செல்ல வேண்டும் என்றால், சிறு குழந்தைகளுக்கு வேறொரு நாளைத் தனியே திட்டமிடுவது நல்லது. குழந்தைக்கு நெரிசலும் வெயிலும் ஒருசேரத் தீங்கானவை.

சில வேளைகளில் பயணத்தை ஒத்திவைக்கவே நாங்கள் அறிவுறுத்துகிறோம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகாத குழந்தை, கடந்த சில வாரங்களுக்குள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தை, வலிப்பு மருந்தின் அளவு அண்மையில் மாற்றப்பட்ட குழந்தை, உடல்வீக்கம் மீண்டும் தோன்றியுள்ள சிறுநீரக நோய்க் குழந்தை ஆகியோர் காத்திருக்க வேண்டும். சின்னம்மை, தட்டம்மை போன்ற தொற்று உள்ள குழந்தையை, தன் நலத்துக்காகவும் பிறர் நலத்துக்காகவும் இரயிலில் ஏற்றக் கூடாது.

ஒரு மாதத்துக்கு முன்

முன்பதிவுடன் திட்டம் தொடங்குகிறது. இரயிலில் தற்போது 60 நாள் முன்பிருந்து முன்பதிவு செய்யலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிடில் பயணச்சீட்டு வேண்டியதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். செலவைக் கருதி இரண்டு பேர் ஒரே படுக்கையில் நெருக்கியடித்து இரவைக் கழிப்பதுண்டு. உறக்கம் கெட்டால் வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு நேரடி ஆபத்து. அக்குழந்தைக்குக் கீழ்ப் படுக்கை ஒன்றைத் தனியே பெறுவதைச் சிகிச்சைச் செலவாகவே கருதுங்கள்.

இரண்டாவது, தடுப்பூசி. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துவாருங்கள். விடுபட்ட தட்டம்மை – ரூபெல்லா தவணையை முதலில் முடிக்க வேண்டும். வெளி உணவும் வெளி நீரும் தவிர்க்க இயலாத பயணம் என்பதால், டைபாய்டு, மஞ்சள்காமாலை வகை ஏ ஆகியவற்றுக்கான ஊசிகளைப் பற்றியும் பேசலாம். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே புறப்படும் முந்தைய நாள் வந்து கேட்பதில் பயனில்லை. ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளும் குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகள் கூடாதவை. எங்களைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம்.

மூன்றாவது, மருத்துவக் குறிப்பு. நோயின் பெயர், குழந்தையின் எடை, மருந்துகளின் மூலப்பெயர், ஒவ்வொன்றின் அளவும் நேரமும், ஒவ்வாமை, அவசரத்தில் செய்ய வேண்டியது ஆகிய இவை ஒரே தாளில் அமைய வேண்டும். கேட்டால் எழுதித் தருவோம். ஒரு படி கைப்பையில் இருக்கட்டும். ஒரு படியைப் புகைப்படமாகத் தாய், தந்தை இருவரின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்சொன்ன சிறுமியிடம் இந்த ஒரு தாள் இருந்திருந்தால், அன்று காலை அரை மணி நேரம் வீணாகியிருக்காது.

நான்காவது, ஒத்திகை. கடலையே பார்த்திராத குழந்தையையோ, வாகனத்தில் வாந்தியெடுக்கும் குழந்தையையோ நேரே நீண்ட பயணத்துக்கு அழைத்துச்செல்லாமல், முதலில் ஒருநாள் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ சென்றுவாருங்கள். வெயிலில் எத்தனை நேரம் தாங்குகிறது, என்ன உண்கிறது, கூட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பவை அங்கேயே தெரிந்துவிடும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பெரிய பெட்டிக்குள் மருந்து வைக்கக் கூடாது. தோளை விட்டு இறங்காத ஒரு சிறு பையில் கீழ்க்கண்டவை இருக்கட்டும்: அன்றாட மருந்துகள், பயண நாள்களைவிட மூன்று நாள் கூடுதலாக, உப்பு – சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காய்ச்சலுக்கான பாராசிட்டமால், அளவுக்குவளை அல்லது ஊசியில்லாப் பீச்சுக்குழல், வெப்பமானி, காயத்துக்கான பஞ்சும் கட்டுத்துணியும், சோப்பு, மருத்துவக் குறிப்பு.

பாராசிட்டமால் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் பாகுகளின் செறிவு ஒன்றல்ல. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள பாகும் உண்டு. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டுமருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். வெளியூரில் வேறு புட்டியை வாங்கி, வீட்டில் கொடுத்த அதே மில்லியைக் கொடுத்தால் அளவு இருமடங்காகலாம். வீட்டில் பழகிய புட்டியையே கொண்டுசெல்லுங்கள். இருமல், சளிக்கான கூட்டு மருந்துகள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டாம். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் பெரியோர் மாத்திரையையும் குழந்தைக்குத் தரக் கூடாது.

இரயிலில் ஓர் இரவு

இரவு உணவை வீட்டிலிருந்து கொண்டுசெல்லுங்கள். இட்லி, எண்ணெய் குறைந்த சப்பாத்தி ஆகியவை ஏற்றவை. தேங்காய்ச் சட்னியும் தயிர் கலந்த உணவும் வெப்பத்தில் சில மணி நேரத்தில் கெடக்கூடியவை. வண்டி ஏறியதும் முதலில் செய்ய வேண்டியது கைக்கழுவல். அடுத்தது, இரவு வேளை மருந்து எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் மணி வைப்பது. நிலையத்தில் மகிழ்ச்சியும் பரபரப்பும் மிகும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மருந்து மறக்கப்படுகிறது.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நடு, மேல் படுக்கைகளில் தனியே படுக்கவைக்க வேண்டாம். கீழ்ப் படுக்கையில் சுவர்ப் பக்கமாகக் குழந்தையும் வெளிப்பக்கமாகப் பெரியவரும் படுக்கலாம். கதவருகே குழந்தையை நிறுத்திப் படம் எடுப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும். பாம்பன் பாலத்தின் மீது வண்டி செல்லும்போது இந்த ஆசை எல்லோருக்கும் எழும். இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மேல் நீளும் அப்பாலத்தில், கப்பல்களுக்காக 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலெழும்பும். அந்த அதிசயத்தைச் சன்னலருகே அமர்ந்தே குழந்தைக்குக் காட்டலாம். வண்டியில் உடல்நலம் குன்றினால் 139 என்ற எண்ணுக்கு அழைத்துப் பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் சொல்லுங்கள். வரும் நிலையத்தில் உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

நீரும் உணவும்

பயணங்களில் குழந்தைகளை அதிகம் வாட்டுவது வயிற்றுப்போக்கு. கொதித்து ஆறிய நீர், முத்திரை உடையாத புட்டிநீர் ஆகிய இரண்டே பாதுகாப்பானவை. ஐஸ் கலந்த பானங்கள், முன்னரே வெட்டிவைத்த பழங்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, கண்முன் வெட்டித் தரும் இளநீரையும் தோலுரித்து உண்ணும் வாழைப்பழத்தையும் தேர்ந்தெடுங்கள். மீன் உணவைச் சூடாகச் சமைத்தவுடன் உண்ணலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். வெயில் காலத்திலும் தனியே நீர் வேண்டியதில்லை, அடிக்கடி பாலூட்டினால் போதும். அதற்குத் தாய் நிறைய நீர் அருந்த வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் முதல் மருந்து உப்பு – சர்க்கரைக் கரைசலே. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை முழுமையாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் உண்டு என்பதால் உறையைப் படித்துப்பாருங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் தம்ளரில் கலக்கும் வழக்கம் தீங்கானது. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு அதுவே ஆபத்தாகும். ஒவ்வொரு முறை நீராகப் போன பின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லியும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லியும் சிறுகச் சிறுகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் மெல்ல மெல்லத் தொடருங்கள். கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையோ வழக்கமான உணவையோ நிறுத்தக் கூடாது.

கோயிலில்

இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது மரபு. கிணற்றிலிருந்து வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். பெரியோருக்கு அது மனநிறைவு. ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் முகத்தில் திடீரென நீர் விழுந்தால், அது திணறி மூச்சை உள்ளிழுக்கும். நீர் மூச்சுக்குழலுக்குள் செல்லலாம். 22 இடங்களிலும் நனைந்தபடியே நடந்தால் சிறு உடல் விரைவில் குளிர்ந்துவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதுவே இழுப்பைத் தூண்டலாம். சிறு குழந்தைகளுக்குக் கையால் சில துளிகள் தெளித்தாலே போதும் என்று வீட்டுப் பெரியோரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அந்தப் பேச்சை வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் வரிசையில் நின்றுகொண்டு முடிவெடுக்க இயலாது.

ஈரமான கல்தரை வழுக்கும், குழந்தைகளை ஓடவிடாதீர்கள். நீண்ட பிரகாரத்தில் தூண்களுக்கிடையே ஒரு குழந்தை கண்ணிலிருந்து மறைய ஒரு நொடி போதும். காலையில் உடுத்திய உடையோடு குழந்தையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பெற்றோரின் கைப்பேசி எண்ணை அதன் முன்கையில் அழியாத மையால் எழுதுங்கள். "பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நில், காவலர் அக்காவிடமோ அண்ணனிடமோ சொல்" என்று கற்பியுங்கள். குழந்தை காணாமற்போனால் காவலரிடம் உடனே தெரிவிப்பதோடு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கடலில்

கோயிலுக்குக் கிழக்கே உள்ள அக்னி தீர்த்தக் கடல் பெரும்பாலும் அமைதியாகத் தோன்றும். தனுஷ்கோடி அரிச்சல்முனையோ வேறு. இருபுறக் கடல்களும் கூடும் அவ்விடத்தில் நீரோட்டம் வலுவானது. அமைதியான பக்கத்தைப் பெண் கடல் என்றும் சீறும் பக்கத்தை ஆண் கடல் என்றும் உள்ளூர் மக்கள் சொல்வார்கள். எந்தப் பக்கமானாலும் அங்கே குழந்தைகளை நீரில் இறக்காதீர்கள். கரையிலிருந்து பார்த்துத் திரும்புவதற்குரிய இடம் அது.

நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. மூச்சுக்கே போராடும் குழந்தையால் குரல் எழுப்ப முடியாது. முழங்கால் அளவு நீரிலும் சிறு குழந்தை மூழ்கலாம். ஆகவே இந்த விதியைக் கைக்கொள்ளுங்கள்: நீரருகே உள்ள ஒவ்வொரு சிறு குழந்தைக்கும், கையெட்டும் தொலைவில் ஒரு பெரியவர். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. அவர் நகர வேண்டுமானால், "இனி நீ பார்த்துக்கொள்" என்று பெயர் சொல்லி மற்றொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்திருக்கும் நேரமே ஆபத்தான நேரம். காற்றடைத்த மிதவைகளை நம்ப வேண்டாம். காற்றும் அலையும் அவற்றைக் குழந்தையோடு உள்ளே இழுத்துச்செல்லும்.

மூழ்கிய குழந்தையைக் கரைசேர்த்ததும் 108க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சழுத்தத்தைத் தொடர வேண்டும். தலைகீழாகப் பிடித்து ஆட்டுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் உயிர்காக்கும் நிமிடங்களை வீணாக்கும். வாந்தி நுரையீரலுக்குள் செல்லவும் வழிவகுக்கும். மூச்சுத் திரும்பி நன்றாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வது கட்டாயம். அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறல் தோன்றலாம்.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்க்காமல், கடல்நீரால் கழுவி, ஒட்டியுள்ள இழைகளை அட்டை போன்றவற்றால் எடுத்துவிடுங்கள். மூச்சுத்திணறலோ உடலெங்கும் தடிப்போ தோன்றினால் உடனே மருத்துவ உதவி வேண்டும்.

வெயிலில்

காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் வெளியில் செல்லுங்கள். நண்பகலை உறக்கத்துக்கு ஒதுக்குங்கள். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். புறப்படுமுன் வேண்டிய குடிநீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். பருத்தி ஆடை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, குடை ஆகியவை தேவை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் காட்டவே வேண்டாம். நிறுத்திய வாகனத்துக்குள் குழந்தையை ஐந்து நிமிடமும் தனியே விடாதீர்கள்.

உடல் கொதித்து, குழந்தை குழம்பிய பேச்சோ மயக்கமோ காட்டினால் அது வெப்பவாதம். பாராசிட்டமால் அதற்குப் பயன்படாது. நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரால் நனைத்து விசிறியபடி 108ஐ அழையுங்கள்.

தொடர் சிகிச்சையிலுள்ள குழந்தைகளுக்கு

ஆஸ்துமா: தடுப்பு உறிஞ்சியை விடுமுறையிலும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். நிவாரண உறிஞ்சியும் இடைக்குழலும் கோயிலுக்குள்ளும் கடற்கரையிலும் உடன் இருக்க வேண்டும். கற்பூரம், சாம்பிராணிப் புகை மிகுந்த இடத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம்.

வலிப்பு நோய்: மருந்து தவறாமை, போதிய உறக்கம் ஆகிய இரண்டுமே முதல் பாதுகாப்பு. நீரருகே இக்குழந்தையின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் கரண்டியோ நீரோ வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்தைக் கடந்தால், நாங்கள் பரிந்துரைத்திருக்கும் மூக்கு வழி மருந்தைக் கொடுத்து 108ஐ அழையுங்கள்.

முதல் வகை நீரிழிவு: இன்சுலின் வெப்பத்தில் ஆற்றல் இழக்கும், உறைந்தாலும் கெடும். அகன்ற வாய் உள்ள வெந்நீர்க் குடுவையில், துணி சுற்றிய பனிக்கட்டிப் பையோடு, பனிக்கட்டி நேராகப் படாதவாறு வையுங்கள். அறைக்குச் சென்றதும் குளிர்பெட்டி இல்லையெனில் ஈரமணல் நிரப்பிய மண்பானையும் உதவும். கோயில் வரிசையில் உணவு நேரம் தள்ளிப்போகும் என்பதால் குளுக்கோஸ் பொடியும் சர்க்கரை அளவுமானியும் பெற்றோரின் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். கடலில் விளையாடுமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள். விளையாட்டு அதைக் குறைக்கும்.

ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தைகள்: மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே தீங்காகலாம். வாந்தியால் மருந்து தங்கவில்லையெனில், மறுநாள் வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனை?

கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது: ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, குழிவிழுந்த கண்கள், எதையும் குடிக்க இயலாத சோர்வு, மலத்தில் இரத்தம், மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழிவிழுதல், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும், முதன்முறை வலிப்பு. நாயோ குரங்கோ கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். ஊர் திரும்பிய பின் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இராமேசுவரத்திலேயே அரசு மருத்துவமனை உள்ளது. உயர் சிகிச்சைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். தீவில் இறங்கிய முதல் நாளே, விடுதியிலிருந்து மருத்துவமனைக்கு எப்படிச் செல்வது என்று கேட்டுவையுங்கள். அவசரத்தில் 108 ஊர்தி கட்டணமின்றி வரும்.

திரும்பிய பின்

ஊர் திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ, தொடர் வயிற்றுப்போக்கோ, கண் மஞ்சளித்தலோ தோன்றினால், பயணம் சென்றுவந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சி மறைக்க வேண்டாம். அந்த அச்சத்தை உண்டாக்கியது எங்கள் தவறு என்பதை நாங்கள் உணர்ந்திருக்கிறோம்.

அந்தச் சிறுமியின் குடும்பம் பின்னர் மீண்டும் வந்தது. இம்முறை ஒரு மாதம் முன்னதாக. குறிப்புத் தாளை எழுதிக் கொடுத்தோம். மூக்கு வழி மருந்தைப் பயன்படுத்தும் முறையைத் தாய், தந்தை, பாட்டி மூவருக்கும் செய்துகாட்டினோம். கீழ்ப் படுக்கை ஒன்று அவளுக்கென்றே பதிவாயிற்று. மூன்று நாள் பயணத்தில் ஒரு வேளை மருந்தும் தவறவில்லை, வலிப்பும் வரவில்லை. தீர்த்தங்களில் பாட்டி நீராட, பேத்தியின் தலையில் துளிகள் மட்டும் தெளிக்கப்பட்டன.

நோய் உள்ள குழந்தைக்கும் கடல் காணும் உரிமை உண்டு. பயணம் குறித்த எண்ணம் எழுந்தவுடன், குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன், தடுப்பூசி அட்டையோடும் மருந்துச் சீட்டுகளோடும் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். போகலாமா என்பதோடு, எப்படிப் போவது என்பதையும் சேர்ந்தே பேசுவோம்.